முழுச் சைவம்

பக்கத்து வீட்டு நல்லம்மா தன் சமையல் குசினி யன்னலைப் படாரென்று சாத்தினார். லியோன் இன்னும் சைக்கிளை விட்டு இறங்கக்கூட இல்லை.

"பாத்தியளே? உங்கடை தலைக்கறுப்பைக் கண்டாலே சாத்துறா மனிசி," என்றாள் அவன் மனைவி ஸ்ரெல்லா. "இன்னும் ஒரு கிழமை பாப்பன். பிறகு நான் குருநகருக்கே போறன்."

"அங்கை ஆமி அடிக்கிற செல் விழுகுதெல்லோ!"

"விழட்டும். பங்கருக்கை இருந்தாலும் கதைக்க நாலு சனம் இருக்கும்."

சொன்னால் செய்கிறவள்.

கோட்டையிலிருந்து செல்லடி தொடங்கியதும், யார் யாரையோ பிடித்து மருதனார்மடப் பக்கம் மாற்றலெடுத்து வந்த உப தபால் அதிபர் அவன். குடிவந்த அன்றே நல்லம்மாவின் புருசன் அருளம்பலம், நெற்றி நிறையத் திருநீறும் கையில் பூசணிக்காயுமாக வந்து, "தம்பி மச்சம் மாமிசம் சாப்பிடுவியளோ?" என்று விசாரித்தார். குருநகர்க் கடற்கரையில் பிறந்த லியோன் அந்தத் திருநீற்றைப் பார்த்தான். ஊரோடு ஒத்து வாழ் என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

"சீச்சீ! நாங்கள் முழுச் சைவம்."

மீன் சொதி இல்லாமல் சோறு இறங்காத ஸ்ரெல்லா உள்ளே சட்டி மூடியைக் கீழே போட்டாள். அன்றைக்குத் தொடங்கியதுதான் இந்த யன்னல் சாத்தல்.

"நாங்கள் கிறிஸ்தவ வேதக்காரர் எண்டபடியால் சைவமெண்டதை நம்பேல்லைப் போலை. கொஞ்சம் இறுக்கிச் சொல்லுவம்," என்று அந்தக் கிழமையே லியோன் வேலியடிக்குப் போயிருந்தான். "அண்ணை, மீன் மணம் காத்திலை வந்தாலே எனக்குத் தலை சுத்தும்."

"ஓமோ தம்பி?" என்று அருளம்பலம் பெருமூச்சு விட்டார். அடுத்த நாளிலிருந்து அவர்கள் வீட்டுக் குசினிக் கதவும் சாத்தப்பட்டது. ஒரு கிழமையில் ஒழுங்கை முழுக்க யன்னல்கள் மூடிக்கொண்டன.

லியோன் இன்னும் இறுக்கினான். "அண்ணை, நாங்கள் இப்ப வெங்காயமும் விட்டிட்டம்."

நாலு பரப்புத் தோட்டத்தில் வெங்காயம் செய்கிற மனுசன், ஆசையாய்க் கொண்டுவந்த ஒரு பிடி வெங்காயத்தைத் திருப்பிக் கொண்டுபோனார்.

வெளியே போனாலும் இதே கதைதான். தபால் அதிபர்கள் கூட்டத்துக்குப் போனான். அங்கேயும் முதல் கூட்டத்திலேயே தன் சைவத்தை முழங்கியிருந்தான். மத்தியானம் செயலாளர் நமசிவாயம் அவனை மட்டும் விறாந்தையில் இருத்தி, "ஐயாவுக்கு இஞ்சை தனி இலை," என்று சொல்லிவிட்டு, மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். உள்ளே ஒரே சிரிப்பு. வெளியே லியோனும் ஒரு கத்தரிக்காய்க் கறியும். பிறகு எல்லாரும் சவுக்காரம் போட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தார்கள். அவன் பக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லை. இருபது வருசச் சேவையில் இப்படி ஒருநாளும் அவன் தனித்திருந்து சாப்பிட்டதில்லை.

"நீங்கள் தலைகீழாய் நிண்டாலும் நாங்கள் இவைக்குப் பிறத்தி ஆக்கள்தான்," என்றாள் ஸ்ரெல்லா. சொன்ன கிழமை முடிந்த சனிக்கிழமை விடியவே சூட்கேசில் உடுப்பு அடுக்கினாள். "போய்க் காரைப் பிடிச்சுக்கொண்டு வாங்கோ."

கண்ணைத் துடைத்துக்கொண்டு பின் ஒழுங்கையால் நடந்தான் லியோன். அங்கே நல்லம்மா வீட்டுப் பின்வேலியோடு ஒரு சைக்கிள். கரியரில் மீன்பெட்டி. பக்கத்தில் ஒரு ஆள் குந்தியிருந்து, சத்தம் கேட்காமல் பாரைமீன் வெட்டிக்கொண்டிருந்தார். குருநகர் மீன்காரச் சிமியோன்!

"எட லியோன்! நீ எங்கை இஞ்சாலை?"

"அதை விடுங்கோ. ஏனண்ணை மீன் விக்க ஊதுற சைக்கிள் ஹோர்ணுக்குத் துணி சுத்தியிருக்கு?"

சிமியோன் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"மெல்லக் கதை! முன் ஒழுங்கையிலை ஆரோ ஒரு முழுச் சைவ ஐயா குடிவந்திருக்கிறாராம். அந்தப் புண்ணியவானுக்கு மணம் படக்கூடாதெண்டு இந்தச் சனம் ஒண்டரை மாசமாய்க் கதவு யன்னலெல்லாம் சாத்திப்போட்டுப் புகைக்குள்ளை கிடந்து மீன் காய்ச்சுதுகள், பாவங்கள்!"