தூரும் வாரி, காலும் வாரி

குளத்தை மீட்காமல் ஓய்வதில்லை என்று தையல்கடைக்காரர் சபதம் எடுத்தபோது அவர் வாயில் குண்டூசிகள் இருந்தன. அதனால் கடையில் இருந்தவர்களுக்குச் சபதம் விளங்கவில்லை. அவரா விடுவார்? ஊசிகளைத் துப்பிவிட்டு மறுபடி முதலிலிருந்து எடுத்தார்.

விஷயம் அப்படி. ஊர்க் குளத்தில் தண்ணீரே கண்ணுக்குத் தெரியாமல் ஆகாயத்தாமரை மூடிக் கிடந்தது. மழைக்குள் சுத்தம் செய்யாவிட்டால் மண்ணடித்து லாரி நிறுத்தப் போவதாக ஊர் மன்றம் சொல்லிவிட்டது.

முதல் ஞாயிறு ஊரே திரண்டது. அடுத்த ஞாயிறு பாதிதான். அதற்கடுத்து எட்டே பேர்.

"சேத்துல இறங்கினா பசி காதை அடைக்குதுண்ணே" என்றார் தச்சர்.

"அவ்வளவுதானே? எல்லாரையும் வரச் சொல்லு. அடுத்த வாரம் மத்தியானச் சாப்பாடு நம்ம வீட்ல!"

ஊர் மெச்சியது. வீட்டுக்குத்தான் தெரியாது.

அவர் மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டுபவள். வண்டி நிறையக் கத்தும் பிள்ளைகளை ஒரே விசிலில் உட்கார வைப்பவள். முன்கூட்டிச் சொன்னால் அந்த விசிலை இவர் காதில் ஊதுவாள். ஆட்களோடு போய் வாசலில் நின்றுவிட்டால்? நாலு பேர் முன்னால் முடியாது என்பாளா?

ஞாயிறு காலை படையோடு வாசலில் நின்றார்.

"இந்தாம்மா, நம்ம ஆளுங்களுக்கு இன்னைக்கு மத்தியானம் இங்கதான் சாப்பாடு!"

மனைவி எட்டிப் பார்த்தாள். தலைகளை எண்ணினாள். சிரித்தாள். 

"தாராளமா! வாரம் பூரா இவருக்கு இதே பேச்சுதாங்க. 'பாடுபடறவங்களுக்கு என் கையால ஆக்கிப் போடணும், நீ அடுப்பங்கரைப் பக்கமே வரக்கூடாது'ன்னு ஒரே பிடிவாதம்."

"நானா?"

"பாருங்க அடக்கத்தை!"

கைதட்டல். தச்சருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"அப்ப குளத்து வேலைய யாரு பாக்கறதாம்?" கடைசி அஸ்திரத்தை விட்டார் தையல்கடைக்காரர்.

"நான் எதுக்கு இருக்கேன்?" சாவிக்கொத்திலிருந்து விசிலைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

தூர் வாரக் கிளம்பியவரின் காலை வாசலிலேயே வாரியாயிற்று.

வெங்காயம் உரித்தார். அழுதார். பாதி வெங்காயத்துக்காக, பாதி தனக்காக. முதல் பானைச் சோறு குழைந்தது. இரண்டாவது வேகவே இல்லை. இரண்டையும் கலந்தார். சராசரி சரியாக வந்தது.

மத்தியானம் தச்சர் சேறும் சிரிப்புமாக உட்கார்ந்தார்.

"அண்ணே, அண்ணி ஆகாயத்தாமரையச் சுத்திக் கயிறு கட்டி எல்லாரையும் கரையில வரிசையா நிக்க வச்சாங்க. ஒரு விசிலுக்கு இழு, ரெண்டு விசிலுக்கு நிறுத்து. கல்யாணப் பந்தல் அகலத்துக்கு அது கரையேறிடுச்சு! தண்ணி வர்ற வாய்க்கால் அடைப்பையும் கண்டுபிடிச்சுட்டாங்க. இத்தனை நாளா நாம குளத்தச் சுத்தம் பண்ணலண்ணே, சும்மா சுத்தி வந்திருக்கோம்."

அடுத்த ஞாயிறு தையல்கடைக்காரர் விடிவதற்குள் மண்வெட்டியோடு நழுவப் பார்த்தார். மனைவி கதவோரம் நின்றாள்.

"மண்வெட்டிய வச்சுட்டுக் கரண்டிய எடுங்க. இன்னைக்கு இன்னும் நிறையப் பேர் வர்றாங்க."

"என் கைப்பக்குவத்துக்கா?"

"பசிக்கு. நீங்க போடலைன்னா பழையபடி எட்டுப் பேருதான். குளம் வேணுமா, கௌரவம் வேணுமா?"

 மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தார். அரிசியைக் களைந்தார்.

அதன்பிறகு ஒரு ஞாயிறும் அடுப்பு அணையவில்லை, ஆளும் குறையவில்லை. மழை வந்தபோது வாய்க்கால் வழியே தண்ணீர் திமுதிமுவென்று இறங்கிக் குளம் ததும்பியது. ஊர் மன்றம் மண்ணடிக்கும் யோசனையைக் கைவிட்டு, பராமரிப்பைத் தூர் வாரிய குழுவிடமே விட்டது.

படம் எடுக்கப் பத்திரிகைக்காரர் வந்தார். தையல்கடைக்காரர் தானே தைத்த புதுச் சட்டையில் நடுவில் போய் நின்றார்.

"சார், குழுவுல இல்லாதவங்க கொஞ்சம் தள்ளிக்குங்க."

"அவரும் நம்ம ஆளுதான் தம்பி! அவரு இல்லாம இந்தக் குளமே இல்ல" என்றாள் மனைவி.

அவருக்கு நெஞ்சு விம்மியது. சட்டைப் பொத்தானே தெறித்துவிடும் போலிருந்தது.

அவள் மெல்லக் குனிந்தாள்.

"ஏங்க, ஓடிப்போய்க் கரண்டிய எடுத்துட்டு வந்து நில்லுங்க. இல்லாட்டி படத்துல உங்கள யாருக்கும் அடையாளம் தெரியாது."