பழைய கீறலும் புதுக் கேமராவும்

காலை ஐந்தே முக்கால். கதவைத் திறந்ததும் முதலில் தெரிந்தது ஒரு பூதக்கண்ணாடி. அதற்குப் பின்னால், எலுமிச்சம்பழம் அளவுக்குப் பெருத்த ஒரு கண்.

"ரிப்போர்ட்டர், தூங்கிக்கினு இருந்தீங்களா?"

"இதுவரைக்கும் ஆமாம் சார்."

"கீழ வாங்க. ஒரு டேமேஜ் காட்டணும்."

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையில் அந்தக் கண்ணில் குறையில்லாமல் தப்பித்த பொருள் எதுவும் கிடையாது. ஒரு பௌர்ணமியன்று மொட்டைமாடியில் நின்று நிலாவையே அரை நிமிடம் ஆராய்ந்துவிட்டு, "எல்லாம் பழசு. கிளெய்ம் நிக்காது" என்று சொல்லிப் படியிறங்கிப் போனவர் அவர்.

தொழில் அப்படி. விபத்தில் சிக்கிய வண்டிகளைப் பார்த்து, நஷ்டம் எவ்வளவு என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை எழுதும் சர்வேயர். நெடுஞ்சாலையில் எங்கே லாரி இடித்தாலும் முதலில் போலீஸ் போகும், இரண்டாவது அவர் போவார், மூன்றாவதாகச் செய்திக்கு நான் போவேன். நசுங்கிய வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். குனிவார். பூதக்கண்ணாடியை எடுப்பார். நகத்தால் சுரண்டுவார். பிறகு, கைகட்டி நிற்கும் வண்டிக்காரரிடம் துக்கம் விசாரிக்கிற குரலில் சொல்வார்: "இது பழைய கீறல்."

அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. பட்டறை, டீக்கடை, எடைமேடை எங்கே போனாலும் அவர் "பழைய கீறல்"தான். உண்மையான பெயர் எனக்குத் தெரியும். அதை இங்கே எழுதினால் திண்டிவனத்தில் ஒருவருக்கும் ஆள் புரியாது.

நான் அப்போது அவர் வீட்டு மாடியில் குடியிருந்தேன். மாதம் ஒருமுறையாவது ஏறி வந்து என் சுவரில் தொங்கும் காலண்டரை நேராக்கிவிட்டுப் போவார். வேறு வேலை இருக்காது. டீக்கடையில் சாமிப்படம் ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் டீயை வைத்துவிட்டு ஸ்டூலில் ஏறிவிடுவார். சாமி நேராக நின்றபிறகுதான் டீ. அதற்குள் அது ஆறியிருக்கும். அதையும் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

பேருந்து நிலையத்தில் ஒருநாள் வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வாங்கினார். ஒவ்வொன்றாக உரித்தார். ஒற்றைப் பருப்பு இருந்ததையெல்லாம் தனியே சேர்த்து, விற்ற அம்மாளிடம் நீட்டினார்.

"இதுல ஒரு பருப்புதான் இருக்கு."

"அதுக்கு நான் இன்னா சார் பண்றது? மண்ணுக்குள்ள பூந்து பாத்துக்கினா இருக்க முடியும்?"

"உங்க மேல தப்பு இல்லம்மா. இது மேனுஃபேக்சரிங் டிஃபெக்ட்."

அந்த அம்மாள் அதன்பிறகு அவரைக் கண்டால் கூடையைத் துணியால் மூடிவிடுவார்.

இப்படிப்பட்டவருக்கு முப்பது வருஷத்துக்கு முன்பு கல்யாணம் நடந்தது. பனமலைப் பக்கத்துப் பெண். அங்கே மலைக்கோயிலில்தான் தாலி கட்டினார். போட்டோக்காரர் ஆல்பத்தைக் கொண்டுவந்தார். முதல் பக்கத்திலேயே இவர் விரலை வைத்தார். மணப்பெண்ணின் மூக்கில் ஒரு வெள்ளைப் புள்ளி, நட்சத்திரம் மாதிரி.

"இது என்ன கோளாறு?"

"சார், அது மூக்குத்தி. லைட்டு பட்டுக்கினு மின்னுது."

"எனக்கு மூக்குத்தி வேணும். மின்னல் வேணாம்."

போட்டோக்காரர் ரோஷக்காரர். ஆல்பத்தை எடுத்துக்கொண்டு போனவர் திரும்பி வரவில்லை. பிறகு ஸ்டூடியோவும் இல்லாமல் போயிற்று. அந்த வீட்டில் கல்யாணப் படம் என்று ஒன்று கிடையாது. அவர் மனைவி சரோஜா அம்மா அதை ஒரு நாளும் மறந்ததில்லை. மற்றவர்களை மறக்கவிட்டதும் இல்லை.

"எங்க கல்யாணத்துக்கு சாட்சி அக்னி மட்டும்தான் தம்பி. அந்த அக்னியக்கூட அன்னிக்கே பொகை ஜாஸ்தின்னாரு."

பழைய கீறலுக்கு அறுபது வயது நிறைந்தது. அறுபதாம் கல்யாணம் செய்ய வேண்டும். அதே பனமலையில் என்று அம்மா சொல்லிவிட்டார். அதாவது, முப்பது வருஷக் கடனை அடைக்க அவருக்கு இன்னொரு வாய்ப்பு. போட்டோக்காரர்கள் வந்தார்கள். ஒருவருடைய மாதிரி ஆல்பத்தில் மாப்பிள்ளையின் காது ஒன்று மேலே இருந்தது. இன்னொருவருடைய விசிட்டிங் கார்டே கோணலாக வெட்டப்பட்டிருந்தது. கடைசியில் விழுப்புரம் போய் அவரே ஒரு கேமரா வாங்கிவந்தார். படம் எடுக்க வேண்டியது நான். "பேப்பர்காரர் உள்ளதை உள்ளபடி எடுப்பீங்க" என்றார்.

வாங்கிய மறுநாள்தான் அந்த ஐந்தே முக்கால்.

கீழே மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் கேமராவைக் குப்புறப் படுக்க வைத்திருந்தார். சுற்றிலும் இரண்டு டார்ச் லைட்டுகள்.

"அடியில, ஸ்டேண்டு மாட்ற ஓட்டைக்குப் பக்கத்துல. தெரியுதா?"

"தெரியல சார்."

"நல்லா பாருங்க. கடுகோட நிழல் மாதிரி."

"தெரியலையே சார்."

"அதான் சொல்றேன்! கண்ணுக்கே தெரியாத கீறல்னா, எவ்ளோ சாமர்த்தியமா மறைச்சிருக்கான் பாருங்க!"

வார் மாட்டும் வளையத்தில் ஓரிடத்தில் பெயின்ட் மெலிந்திருப்பதாகவும் சொன்னார். அதுவும் எனக்குத் தெரியவில்லை. சரோஜா அம்மா காபி கொண்டுவந்து வைத்தார்.

"தம்பி, அவரு காட்றார்னு பாக்காதீங்க. பாத்தா தெரிய ஆரம்பிச்சிடும். எனக்கு அப்படித்தான் எங்க வீட்டு செவுரு பூரா விரிசல் தெரியுது."

கடையில் விசாரித்தார். அவர்கள் தன்மையாகத்தான் சொன்னார்கள்: ஒரு வாரத்துக்குள் தாராளமாகத் திருப்பித் தரலாம். பேட்டரிக்குச் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். ஆனால் ஒரு படம்கூட எடுத்திருக்கக் கூடாது. மாற்றிக் கொடுக்க வேறு பீஸ் இல்லை. அந்த வாரம் முடிகிற நாள், அறுபதாம் கல்யாண நாள்.

வீட்டில், "சரி, வெச்சிக்கலாம்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். மாடிக்கு வந்து என் காலண்டரை நேராக்கியபடி என்னிடம் சொன்னது வேறு.

"போவும்போது எடுத்துக்கினு போறோம். திரும்பி வர்றப்ப விழுப்புரத்துல குடுத்துட்றோம். நடுவுல நீங்க பட்டனைத் தொடக் கூடாது."

"அப்ப கல்யாணப் படம்?"

"உங்க செல்லுல எடுத்துக்கலாம். குறையோட எப்படி சார் ஒரு பொருளை வெச்சிக்க முடியும்? ராத்திரி தூக்கம் வருமா?"

அம்மாவிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அது அவர்கள் இருவருக்கும் நடுவிலான கேஸ்.

வேன் ஓட்டி வந்தவர் ஏழுமலை. திண்டிவனத்தில் எல்லா வேன்களையும் பார்த்துவிட்டு இவருடையதில்தான் ஒரு கீறலும் இல்லை என்று பழைய கீறல் தேர்ந்தெடுத்திருந்தார். அதற்கு ஒரு காரணம் இருந்தது. ஏழுமலை முன்பு லாரி வைத்திருந்தார். அது இடிபட்டபோது சர்வே பார்த்தவர் பழைய கீறல். எழுதியது வழக்கமான இரண்டு வரி, நஷ்டஈடு வரவில்லை. லாரியை விற்று வேன் வாங்கியதிலிருந்து ஏழுமலை அதைக் கைக்குழந்தை மாதிரி வைத்திருக்கிறார்.

"எல்லாம் சாருக்கு பயந்துக்கினுதான்" என்றார் என்னிடம். குரலில் மரியாதை இருந்தது. கண்ணில் வேறு ஏதோ இருந்தது.

ஹோமம் வீட்டிலேயே முடிந்திருந்தது. மலையில் மாலை மாற்றலும் தாலியும் மட்டும். மகன் வெளிநாட்டில், லீவு கிடைக்கவில்லை. படத்துக்காகக் காத்திருந்தான். உறவினர் விரல்விட்டு எண்ணும் அளவு. மேளத்துக்குப் பதில் ஏழுமலையின் செல்போனில் கெட்டிமேளம் பதிவாகியிருந்தது. கீழே ஏரியில் வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. குருக்கள் தாலித் தட்டை எடுத்தார். ஏழுமலை மேளத்தைப் போட்டார். நான் செல்போனை உயர்த்தினேன்.

சரோஜா அம்மா குனிந்த கழுத்தை நிமிர்த்தினார்.

"தம்பி, அந்தக் கேமரா எங்க?"

நான் பழைய கீறலைப் பார்த்தேன். அவர் ஏரியைப் பார்த்தார்.

"பையில பத்திரமா இருக்கு சரோஜா."

"பத்திரமா வெக்கவா வாங்கினீங்க?"

மேளம் நின்றது. அவர் குரலைத் தாழ்த்தி, கடையின் விதியைச் சொன்னார். ஒரு கிளிக் விழுந்தாலும் திரும்ப எடுக்க மாட்டார்கள். இன்றுதான் கடைசி நாள். அடியில் கீறல்.

"எனக்குந்தான் முட்டில தழும்பு இருக்கு. எந்தக் கடையில ரிட்டன் குடுக்கப் போறீங்க?"

உறவினர் பக்கம் ஒரு சிரிப்பு கிளம்பி அடங்கியது.

"அம்மா, முகூர்த்தம் போயிண்டிருக்கு" என்றார் குருக்கள்.

"போவட்டும் சாமி. ஒரு தடவ போட்டோ இல்லாம கழுத்த நீட்டினேன். மொதல்ல போட்டோ. அப்புறந்தான் தாலி."

குருக்கள் தட்டை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றினார். ஏழுமலை தவறுதலாக விரலை வைத்ததில் கெட்டிமேளம் இரண்டு விநாடி முழங்கி நின்றது. மாலையும் கழுத்துமாகப் பழைய கீறல் அசையாமல் நின்றார். எத்தனையோ வண்டிக்காரர்கள் அவர் முன்னால் அப்படி நின்று நான் பார்த்திருக்கிறேன்.

ஏழுமலை முன்னே வந்தார். என் தோளில் இருந்த பையைத் திறந்து கேமராவை எடுத்துத் திண்டில் வைத்தார்.

"சார், கண்ணாடி குடுங்க."

பட்டு வேட்டி மடிப்பிலிருந்து பூதக்கண்ணாடி வெளியே வந்தது. அறுபதாம் கல்யாணத்துக்கும் அதைக் கொண்டுவந்திருந்தார். ஏழுமலை கேமராவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குனிந்தார். நகத்தால் சுரண்டினார். பிறகு, துக்கம் விசாரிக்கிற குரலில் சொன்னார்:

"இது பழைய கீறல்."

பூதக்கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தார்.

"என் லாரிக்கு இன்னா சார் எழுதினீங்க? 'ஓட்டத்துக்குப் பாதகமில்லை'ன்னு எழுதினீங்க. சரி, இது ஓடுதா? அதப் பாத்தீங்களா?"

அவர் பார்க்கவில்லை. ஒரு வாரமாக இரண்டு டார்ச் வைத்து அதன் அடிவயிற்றைப் பார்த்த மனிதர், அது படம் எடுக்குமா என்று பார்க்கவில்லை.

கேமராவைக் கையில் எடுத்தார். மனைவியின் பக்கம் திருப்பினார். ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு பட்டனை அழுத்தினார்.

உள்ளே ஏதோ உறுமியது. படம் விழவில்லை. திரை கறுப்பாக இருந்தது. மறுபடி அழுத்தினார். மறுபடி உறுமல், மறுபடி கறுப்பு. நெற்றியில் இருந்த சந்தனம் வியர்வையில் இளகி மூக்கை நோக்கி வந்தது.

"டோட்டல் லாஸ்" என்றார்.

எரிந்துபோன பஸ்களைப் பார்த்து அவர் அந்த வார்த்தையைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தக் குரலில் கேட்டதில்லை. அவர் கடையைத் திட்டவில்லை. என்னையோ ஏழுமலையையோ பார்க்கவில்லை. மனைவியைத்தான் பார்த்தார்.

"சரோஜா, இந்த வாட்டியும் உனக்கு..."

நான் வாயைத் திறப்பதற்குள் சரோஜா அம்மா மருதாணி விரல்களை நீட்டி, லென்ஸின் முன்னால் இருந்ததைக் கிள்ளி எடுத்தார்.

"மூடி" என்றார்.

பழைய கீறல் அப்படியே திண்டில் உட்கார்ந்துவிட்டார். முதலில் தோள் குலுங்கியது. பிறகு சத்தம் வந்தது. அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. உறவினர்களும் பார்த்ததில்லை போலிருக்கிறது, ஒருவர் தண்ணீர் கொண்டுவர ஓடினார். சிரித்துக்கொண்டே பட்டனை அழுத்தினார். கிளிக். அந்தக் கேமராவின் முதல் படம்: ஒரு கை, ஒரு மூடி, குருக்களின் வயிறு.

"அவ்ளோதான், இனிமே ரிட்டன் இல்ல" என்றார் ஏழுமலை.

"அப்பாடா" என்றார் அவர்.

அம்மா கழுத்தைத் தாழ்த்தினார். கெட்டிமேளம் முழங்கியது. நான் கேமராவை வாங்கிப் படம் எடுத்தேன். அட்சதை மழையில் மஞ்சள்தூள் கேமராவின் மேலும் ஒட்டிக்கொண்டது. துடைக்கக் கைக்குட்டையை எடுத்தேன். "இருக்கட்டும், விடுங்க" என்றார் பழைய கீறல்.

திரும்பும்போது விழுப்புரத்தில் அந்தக் கடை திறந்துதான் இருந்தது. ஏழுமலை வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்தார்.

"சார், நிறுத்தவா?"

"ஜல்தி போப்பா. மழ வர்ற மாதிரி இருக்கு."

வானத்தில் ஒரு மேகம் இல்லை. பின் சீட்டில் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணாடியில் அவர் சிரிப்பது தெரிந்தது.

நல்ல படம் என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பழைய கீறலிடம் காட்டினேன். தாலி முடிச்சு விழும் நொடி. அதிலும் குறைகள் இருந்தன. அவருடைய மாலை ஒருபக்கம் நழுவியிருந்தது. ஓரத்தில் குருக்களின் முழங்கை. அம்மாவின் மூக்கில் காலை வெயில் பட்டு ஒரு வெள்ளைப் புள்ளி, நட்சத்திரம் மாதிரி. கண்ணாடியை வைத்து நெடுநேரம் அந்தப் புள்ளியையே பார்த்தார்.

"கம்ப்யூட்டர்ல எடுத்துடலாம் சார்" என்றேன்.

"எதை?"

"அந்தப் புள்ளிய."

"அது மூக்குத்தி, ரிப்போர்ட்டர்" என்றார்.

இப்போது நான் விழுப்புரத்துக்கு மாறிவிட்டேன். திண்டிவனம் வழியாகப் போகிற நாட்களில் இறங்கி, அந்த வீட்டில் ஒரு காபி குடித்துவிட்டுத்தான் போகிறேன். தொழிலை அவர் விடவில்லை. சென்ற மாதம்கூட ஒரு டிராக்டர்காரரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். வாங்கிவந்த கொத்தமல்லிக் கட்டைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தவர், என்னைக் கண்டதும் கண்ணாடியை உயர்த்தி, "இளைச்சிட்டீங்களே" என்றார்.

அந்தப் படம் ஹாலில், அவருடைய நாற்காலிக்கு நேர் எதிரே மாட்டியிருக்கிறது. ஆணியை அவரே அடித்தார். சட்டம் அரை விரல் இடப்பக்கம் சாய்ந்து தொங்குகிறது.