அருளம்மாள் நாவல் எழுதியது சம்பந்தமாக

செஞ்சியில் ஒரு சர்க்கார் ஆபீஸ். எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள்; நான் இன்னும் அங்கேதான் டைப் அடித்து வயிறு வளர்க்கிறேன். ஜன்னலைத் திறந்தால் ராஜகிரி தெரியும். மூடினால் மேனேஜர் விநாயகம் தெரிவார். இரண்டுமே லேசில் நகராது.

இந்த ஆபீஸில் குமாஸ்தாவாக இருக்கும் அருளம்மாள் ஒரு நாவல் எழுதிவிட்டாள். பஸ் கண்டக்டரின் பெண்டாட்டி ஒருத்தியின் கதை. படித்துவிட்டு நிஜமாகவே மூக்கைச் சிந்தினேன். மெட்ராஸில் ஒரு பதிப்பகத்தார் அச்சுப் போட ஒப்புக்கொண்டார்கள். ஆனால் சர்க்கார் உத்தியோகஸ்தர் புத்தகம் போடுவதானால் சர்க்கார் அனுமதி வேண்டும் என்பது விதி. தை மாதத்துக்குள் அனுமதியைக் காட்டாவிட்டால் வேறு ஆள் புத்தகத்தை எடுத்துக்கொள்வோம் என்று பதிப்பகத்தார் சொல்லிவிட்டார்கள். இவளும் பாவம், முறைப்படி மனுப் போட்டாள். முறைப்படி ஒன்றைச் செய்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

மேனேஜர் மனுவைப் படித்தார், திருப்பிப் போட்டுப் பின்பக்கமும் பார்த்தார்.

"ஏம்மா, வீட்டுல மூணு புள்ளைங்க. கடைசிக்கு இன்னும் பல்லே முழுசா மொளைக்கல. நீ எப்ப எழுதினே?"

"சாயங்காலத்துல சார், வீட்டுலதான்."

"எனக்கு அஞ்சு புள்ளைங்க. வீட்டுல பேப்பரைப் பிரிச்சா தலைப்பைத் தாண்ட முடியல. நீ நாவல் எழுதினேன்றே."

இதிலிருந்து அவர் கண்ட முடிவு: வீட்டில் எழுத முடியாது, ஆகவே ஆபீஸில் எழுதியிருக்கிறாள். அது தண்டனைக்குரிய குற்றம். சந்தோஷமாகப் பேனாவைத் திறந்தார். அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. ஒரு குமாஸ்தா நாவல் எழுதி முடிக்கிற அளவுக்கு உங்கள் ஆபீஸில் வேலை இல்லையா என்று மேலிடம் கேட்டால்? வேலையே இல்லாத ஆபீஸுக்கு மேனேஜர் எதற்கு என்று கேட்டால்? மனுஷனுக்கு வேர்த்துவிட்டது. ஆகவே, மேற்படி நாவல் ஆபீஸில் எழுதப்படவில்லை, வீட்டில் எழுதியிருக்கவும் முடியாது, உண்மை நிலையை ஸ்தலத்துக்கு நேரில் சென்று விசாரித்து அறிக்கை தரவும் என்று இன்ஸ்பெக்டர் தனகோட்டிக்கு உத்தரவு போட்டார். டைப் அடித்தது நான்.

தனகோட்டி ஊர் ஊராகப் போய்க் கிணறு அளக்கிறவர். அதே டேப்பை எடுத்துக்கொண்டு அருளம்மாள் வீட்டுக்குப் போனார். தூளிக்கும் மேஜைக்கும் எத்தனை அடி, மேஜைக்கும் அடுப்புக்கும் எத்தனை அடி என்று அளந்தார். பிறகு பரீட்சார்த்தமாக மேஜையில் உட்கார்ந்து தாமே ஒரு பக்கம் எழுதப் பார்த்தார். 'காலைப் பொழுது இனிதே புலர்ந்தது' என்பது வரைக்கும் வந்ததாம். அதற்குள் பெரியவள் தண்ணீர் கேட்டாள், நடுவுள்ளவன் டேப்பை இழுத்துக்கொண்டு தெருவில் ஓடினான், கைக்குழந்தை அவர் மடியை நனைத்தது. 'மேற்படி இல்லத்தில் நாவல் எழுதுதல் மனித முயற்சிக்கு அப்பாற்பட்டது' என்று அறிக்கை கொடுத்தார்.

அருளம்மாள் விடவில்லை. எழுதியது நான், பரீட்சை மட்டும் அவருக்கா, நானே எழுதிக் காட்டுகிறேன் என்று நின்றாள். கூடாது என்று சொல்ல மேனேஜருக்கு ஒரு விதியும் அகப்படவில்லை. தனகோட்டி மறுபடியும் போனார். இவள் மேஜையில் உட்கார்ந்தாள். பிள்ளைகள் கத்த ஆரம்பித்ததும் பாவம், அவர் மனசு கேட்கவில்லை. சின்னதை இடுப்பில் தூக்கிக்கொண்டு மற்ற இரண்டுக்கும் அனந்தபுரம் கிணற்றில் மாடு விழுந்த கதையைச் சொன்னார். அவர் மாட்டை மேலே ஏற்றுவதற்குள் இவள் ஒரு அத்தியாயத்தை முடித்துவிட்டாள். இரண்டாம் அறிக்கை வந்தது: 'வேறொருவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால் எழுதலாம். பார்த்துக்கொண்ட வகையில் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதால் லீவு தேவை.'

மேனேஜர் மடக்கினார். அப்படியானால் தினமும் யார் பார்த்துக்கொண்டது?

"எங்க வீட்டுக்காரரு சார்."

ஆபீஸே சிரித்தது. நான் சிரிக்கவில்லை, எனக்குத் தெரியும். அவள் புருஷன் பிலவேந்திரன் திண்டிவனம் ரோட்டில் சைக்கிள் கடை வைத்திருக்கிறவன். மீசையைப் பார்த்தாலே கடன் சொல்ல வாய் வராது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் தெருக்கதவைத் தாழ் போட்டுவிட்டு, சோறு ஊட்டுவான், குளிப்பாட்டுவான், தூளி ஆட்டுவான். ஒரு நாள் புளி கடன் வாங்கப் பின்பக்கமாகப் போய்விட்டேன். ஒரு தோளில் குழந்தையும் ஒரு தோளில் அதன் துணியுமாக நின்றவன், திருடன் மாதிரி முழித்தான். "மீனம்பாக்கா, கடைப்பக்கம் இத மட்டும் பேசிடாத" என்று கெஞ்சினான்.

இப்போது அவன் கைப்பட வாக்குமூலம் வேண்டும் என்று உத்தரவு. அருளம்மாள் அவனிடம் கேட்கவே இல்லை. நாவலும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம் என்று என் மெஷின் பக்கத்தில் நின்று அழுதாள். எப்படியோ விஷயம் அவன் காதுக்குப் போய், கையில் கிரீஸோடு நேராக ஆபீஸுக்கு வந்துவிட்டான்.

"புள்ளைங்கள நான்தான் பாத்துக்கினேன். பீத்துணி தொவைச்சதும் நான்தான். எழுதிக்குங்க" என்றான், அத்தனை ஆம்பிளைகள் முன்னால்.

மேனேஜர் எழுந்து வந்து அவன் தோளைத் தட்டினார். பெண்டாட்டி மேல் பிரியம் இருக்கவேண்டியதுதான், அதற்காக ஒரு ஆண்பிள்ளை இப்படியா பொய் சொல்வது என்று உருகினார். 'வாக்குமூலம் நம்பத்தக்கதாக இல்லை' என்று நான் டைப் அடித்தேன்.

ஆனால் விநாயகம் சார் இரக்கமுள்ளவர். அவரே ஒரு வழியும் சொன்னார். பிலவேந்திரன் சர்க்கார் ஊழியன் இல்லை. அவன் பேரில் புத்தகம் வந்தால் யார் அனுமதியும் வேண்டாம். தை முடிய நாலு நாள்தான் இருந்தது. பேர் யாருடையதாக இருந்தால் என்ன, புத்தகம் வந்தால் சரி என்றாள் அருளம்மாள். அவள் சொன்னதை அவளே நம்பவில்லை.

புத்தகம் வந்தது. செஞ்சி ஊரே படித்தது. எழுத்தாளர் பிலவேந்திரனுக்குப் பாராட்டு விழா, மேனேஜர் தலைமை. பெண் மனசை இப்படிப் புரிந்துகொண்ட ஆண்மகன் தென்னாற்காட்டிலேயே இல்லை என்று பேசினார். பிலவேந்திரன் மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மைக் முன்னால் நின்றான்.

"இத எழுதினது எம் பொண்டாட்டி. நான் புள்ளைங்களப் பாத்துக்கினேன். அவ்ளோதான்."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. என்ன அடக்கம், என்ன நகைச்சுவை என்று மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கைதட்டல் ஓயவே இல்லை. நானும் தட்டினேன். நான் தட்டியது வேறு எதற்கோ, ஆனால் சத்தம் எல்லாம் ஒரே சத்தமாகத்தான் கேட்டது.

வீட்டுக்குப் போன பிறகு மேனேஜருக்குப் பயம் வந்துவிட்டது. இத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டானே, நாளைக்கு மேலிடம் கேட்டால்? மறுநாள் அருளம்மாளுக்கு மெமோ: 'தாங்கள் நாவல் எழுதியுள்ளதாகத் தங்கள் கணவர் பகிரங்கமாகத் தெரிவித்துள்ளார். அனுமதியின்றி நாவல் எழுதி வெளியிட்டமைக்குத் தங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கலாகாது?' அனுமதி கேட்டபோது நம்ப முடியாதது, தண்டனை என்றதும் நம்பும்படி ஆகிவிட்டது.

அருளம்மாள் மெமோவைப் படித்தாள். அப்படி ஒரு சிரிப்பை அவள் முகத்தில் நான் பார்த்ததில்லை.

"சர்க்காரே சொல்லிடுச்சு பாரு, நான்தான் எழுதினேன்னு. இன்னொரு காப்பி அடிச்சுக் குடு மீனம்பா. சீல் நல்லா வுழணும்."

அந்தக் காப்பி மெட்ராஸ் பதிப்பகத்துக்குப் போனது; சர்க்கார் சீலைப் பார்த்ததும் அவர்கள் அனுமதி எங்கே என்று கேட்கவில்லை. இரண்டாம் பதிப்பு அவள் பேரிலேயே வந்தது. அவளுக்கு ஒரு வருஷ இன்கிரிமென்ட் வெட்டு. குற்றம் நிரூபணமானதற்கு ஆபீஸ் முழுக்கப் பூந்தி கொடுத்தாள். மேனேஜர் இன்னொரு பொட்டலம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அந்தக் கைதட்டலைக் கேட்டதிலிருந்து அவருக்கும் ஜுரம் பிடித்திருக்கிறது. இப்போது எல்லோரும் எழுதுவதுபோல அவரும் ராஜகுமாரி, வெள்ளைக் குதிரை, சுரங்கப்பாதை எல்லாம் போட்டு ஒரு நாவல் எழுதுகிறார். அனுமதி ஒரே வாரத்தில் வந்தது. அவருடைய ஐந்து பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று மேலிடமும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பத்து மணிக்கு ஆபீஸுக்கு வந்து உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல நான் டைப் அடிக்கிறேன். அருளம்மாள் பிழை திருத்துகிறாள். அவளுடைய அடுத்த நாவல் பாதியில் நிற்கிறது.