நம்பர் சொல்லுங்க மாமா

குணசுந்தரியை வாய் பிளக்க வைத்தே தீருவது என்று கோவிந்தன் சபதம் எடுத்தார்.

சும்மா வந்த சபதமில்லை. பெங்களூரில் அவர் ஆபீசில் எல்லாருக்கும் மூஞ்சி உம்மென்று ஆகிவிட்டதாம். அதற்காக ஜாய் என்ற பெண்ணை வரவழைத்து இரண்டு நாள் கோமாளிப் பயிற்சி கொடுத்தார்கள். ஆளுக்கொரு சிவப்பு மூக்கை மாட்டிவிட்டு ஜாய் சொன்னாள்: “குழந்தை மாதிரி ஆச்சரியப்படுங்க. ஒரே விதிதான். எதிர்ல இருக்கறவங்க எது சொன்னாலும் ஆமான்னு ஏத்துக்கணும். மறுத்தா ஆட்டம் போச்சு.”

அந்த விதியை வீட்டுக்கு வந்ததும் பெண்டாட்டியிடம் பெருமையாக ஒப்பித்தார். நுணலும் தன் வாயால் கெடும்.

கல்யாணமான புதிதில் குணசுந்தரியை ஊரிலிருந்த நந்திதுர்க் தங்கச் சுரங்கத்து வாசலுக்குக் கூட்டிப்போனார். ஆட்களோடு கேஜ் என்ற இரும்புக் கூண்டு சரேலென்று பாதாளத்தில் இறங்கியபோது அவர் கையை இறுக்கிப் பிடித்தாள். புருவம் ஏறி, கண் விரிந்து, வாய் திறந்து நின்றாள். அந்த முகத்தை இன்னொரு முறை பார்க்க அவருக்கு அப்படியொரு ஏக்கம். சுரங்கத்தை மூடினார்கள், அந்த முகமும் மூடிக்கொண்டது. இப்போது வானமே இடிந்து விழுந்தாலும், “சரி, பால் வாங்கியாந்தீங்களா?” என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி. தங்கம் எடுத்துக் கழித்த மண்ணைக் கொட்டிய சயனைடு மேட்டிலிருந்து காற்று கிளம்பி, சாம்பல் தூசி தெருவை மூடியது. கரண்டும் போனது. பட்டப்பகலில் வீடு இருண்டது. கோவிந்தன் முகமெல்லாம் பவுடர் அப்பி, சிவப்பு மூக்கை மாட்டி, செத்துப்போன அப்பா பெருமாளின் சுரங்கத் தொப்பியோடு பின்வாசலில் வந்து நின்றார்.

உள்ளே குணசுந்தரி ஊறவைத்த அவரைக்கொட்டையைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். பிதுக்குவதை நிறுத்தவில்லை.

“நம்பர் சொல்லுங்க.”

அது அப்பா காலத்துப் பழக்கம். ஷிஃப்டு முடிந்து வந்தால் வாசலில் நின்று டோக்கன் நம்பரைச் சொல்லிவிட்டுத்தான் பெருமாள் உள்ளே வருவார். ‘கீழ செத்தவன் எவனாவது நம்ம மூஞ்சியப் போட்டுக்கினு மேல வந்துடுவான். மூஞ்சியத் திருடலாம், நம்பரத் திருட முடியாது’ என்பார்.

ஆட்டத்துக்கு வந்துவிட்டாள் என்று கோவிந்தன் குஷியானார். அப்பா நம்பரையே சொன்னார்.

“மூவாயிரத்து நானூத்திப் பதினேழு.”

“மாமாவா? வாங்க மாமா. இவ்ளோ நாளு கீழயேவா இருந்தீங்க?”

“ஆமாம்மா.”

“கீழ இருட்டா இருக்குதா?”

“ஆமா.”

“சரி, உங்க பின்னாடி நிக்கிறவரு யாரு? அவரயும் நம்பர் சொல்லச் சொல்லுங்க.”

கோவிந்தனின் கழுத்து தானாகத் திரும்பப் போனது.

“திரும்பாதீங்க மாமா. அவருக்குப் பிடிக்காது.”

பின்கழுத்தில் காற்று பட்டது. காற்றுதானா?

“வந்ததே வந்தீங்க, ஒரு ஒத்தாச பண்ணுங்க மாமா. உங்க பையன் மூணு வாரமா இடுப்பு வலின்னு சொல்லிக்கினு சம்பு கழுவ மாட்டேன்றாரு. நீங்க கீழ எறங்கியே பழக்கப்பட்டவரு. எறங்கறீங்களா?”

“அது வந்து... இல்ல...”

“இல்லன்னா ஆட்டம் போச்சாமே?”

“ஆ... ஆமாம்மா.”

கொல்லையில், தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியான சம்பின் மூடி ஏற்கெனவே திறந்திருந்தது. தண்ணீர் காலையிலேயே இறைத்தாயிற்று. பிரஷ் இருந்தது. வாளியில் கயிறு கட்டியிருந்தது. கோவிந்தன் இறங்கியதும் ஏணியை மேலே இழுத்துக்கொண்டாள்.

“முடிச்சிட்டு கூப்பிடுங்க மாமா.”

உள்ளே ஈர இருட்டு. ஒரு சுவரைத் தேய்த்து முடித்தார். அப்போது எதிர்ச் சுவரின் அந்தப் பக்கம், மண்ணுக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

டக். டக். டக்.

சுரங்கத்தில் மூன்று தட்டு என்றால் ஆள் மேலே வருகிறான் என்று அர்த்தம், அப்பா சொல்லியிருக்கிறார். முடித்தால்தான் ஏணி. பேய் பிடித்தவர் மாதிரி தேய்த்தார். தரை, மூலை, இடுக்கு, எதையும் விடவில்லை.

“சுந்தரீ! முடிஞ்சிதுடீ!”

ஏணி வந்தது. தலை வெளியே வந்ததும் அவள் வழியை மறித்தாள்.

“நம்பர்?”

“நா கோவிந்தன்டீ!”

“கோவிந்தனுக்கு ஏது நம்பர்? அவரு ஆபீஸுலதானே வேல செய்றாரு.”

“வெளயாடாத! நீதானே மூணு வாட்டி தட்டின?”

“நா எதுக்குத் தட்டறேன்? நா பிதுக்கிக்கினு இருந்தேன்.”

சொல்லிக்கொண்டே போன் டார்ச்சை அடித்து, அவர் தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்தாள்.

புருவம் ஏறியது. கண் விரிந்தது. வாய் மெல்லத் திறந்துகொண்டது. கை வந்து அவர் கையை இறுக்கிப் பிடித்தது. அதே முகம்! கோவிந்தனால் சந்தோஷப்பட முடியவில்லை. கால் இன்னும் ஏணிப்படியில், உள்ளே இருந்தது. குனிந்து பார்க்கத் தைரியமில்லை.

“இன்னா... இன்னாடி தெரியுது?”

“தரை தெரியுதுங்க. இருபத்தெட்டு வருஷத்துல இன்னிக்கிதாங்க நீங்க ஒரு வேலைய முழுசா முடிச்சிருக்கீங்க!”