தொட்டிலில் ஒட்டிய பார்சல் சீட்டு

ஆவணக் காப்பகத்தில் அதிகாரியாக வீற்றிருக்கும் என் அன்பு மைத்துனனுக்கு, அத்தான் எழுதுவது. இங்கு நானும் உன் அக்காவும் நலம்; அதைவிட முக்கியம், இருவரும் பேசிக்கொள்கிறோம். அந்தப் புண்ணியம் உன்னையே சேரும்.

நம் ஊர் ரயில் கிளைப்பாதையை மூடியபோது குப்பைக்குப் போக இருந்த காகிதங்களையெல்லாம், பார்சல் குமாஸ்தாவாக இருந்த நான் வீட்டுக்கு அள்ளி வந்ததும், அவை பின்னறையில் கூரைவரை ஏறியதும் உனக்குத் தெரியும். கைக்குழந்தையோடு மகள் வருகிறாள் என்றதும் உன் அக்கா, "அந்த ரூம்ல ஒண்ணு உங்க ரயில் இருக்கணும், இல்ல என் பேரன் இருக்கணும்" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள். திருதிருவென்று விழித்த என்னைக் காப்பாற்ற நீ வேன் அனுப்பினாய். வந்த ஆட்களிடம், "சீட்டு ஒட்டினதெல்லாம் ஏத்துங்கப்பா" என்று சொல்லிவிட்டுக் காபி போட உள்ளே போனேன். அங்கேதான் பிடித்தது சனி. கையில் பசையும் பார்சல் சீட்டும் இருந்தால் நான் எதையும் சும்மா விடமாட்டேன் அல்லவா? வீட்டுச் சாமான் எல்லாவற்றிலும் சீட்டு, அதில் என் முகவரி முத்திரை. பெட்டிகளோடு மிக்சி, உன் அக்காவின் புடவைப் பெட்டி, துடைத்துவைத்த தொட்டில் எல்லாம் வேனேறிப் போயே போச்சு! அவள் வாய்க்குப் பயந்து காப்பகத்துக்கு ஓடினால், கையுறை போட்ட ஒரு பெண் தொட்டிலுக்கு எண் கொடுத்துக் கண்ணாடிக்குள் வைத்துவிட்டாள். "அது என் பொண்ணு படுத்த தொட்டில்மா" என்றேன். "அப்படியா சார்? அவங்களையும் ஒரு பேட்டி எடுத்துடலாம்" என்கிறாள்! நீ மட்டும் குறுக்கே வந்திராவிட்டால் என் பேரன் கண்ணாடிக்குள்தான் தூங்கியிருப்பான். வீட்டுச் சாமான் எல்லாவற்றையும் மீட்டுக் கொடுத்தாயே, நீ நல்லா இருக்கணும்டா. பெட்டிகளில் ஒட்டச் சீட்டுத் தீர்ந்துபோச்சு என்று அந்தப் பெண் புலம்பினாள். பாவம், என் முகவரி முத்திரை குத்தி மிச்சமிருந்த சீட்டுக் கட்டைச் சந்தோஷமாகத் தூக்கிக் கொடுத்தேன்.

இப்போது பேரன் பின்னறையில் தூங்குகிறான். பெட்டிகள் இருந்த இடத்தை நான்தான் தினமும் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன். போகட்டும். உன் குடும்பம் குறையில்லாமல் வாழ இந்த அத்தானின் ஆசிகள்.

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது வாசலில் உன் வேன். காப்பகத்துக் கூரை ஒழுகுகிறதாம். பெட்டிகளை அதனதன் சீட்டிலுள்ள முகவரிக்கே திருப்பிவிட்டார்களாம். அந்தப் பெண் என் சீட்டுகளை மற்றப் பாதைகளின் பெட்டிகளுக்கும் ஒட்டியிருக்கிறாள். வட்டாரத்து ரயில் சரித்திரம் மொத்தமும் என் வாசலில்! துடைப்பத்தோடு வந்தாள் உன் அக்கா. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால், பிரிந்து கிடந்த வேறொரு பாதையின் பெட்டியிலிருந்து ஒரு போட்டோவை எடுத்துவைத்துக்கொண்டு அழுகிறாள். எஞ்சின் படியில், கரி அப்பிய முகத்தோடு சிரிக்கிறார் உங்கள் அப்பா. "என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? எல்லாத்தையும் உள்ள இறக்கச் சொல்லுங்க. தொட்டிலை ஹால்ல போட்டுக்கலாம்" என்றாள்.

ஆகவே மேலே சொன்ன நன்றியெல்லாம் ரத்து, இதற்குத்தான் நன்றி. கூரையை அவசரப்பட்டுச் சரிபண்ணித் தொலைக்காதே.