முட்டிக்கு மசாய் மருந்து

“முட்டி கீழ இருக்குதுய்யா! இந்த ஆளு எதுக்கு என் வாய்க்குள்ள டார்ச் அடிச்சுப் பாக்கறாரு?”

சவரி போட்ட சத்தத்தில், அதியமான்கோட்டை போர்வெல் முதலாளி வீட்டு நாய் குரைக்கத் தொடங்கியது. எதிரே சிவப்புக் கட்டம் போட்ட போர்வையோடு நெட்டையாக உட்கார்ந்திருந்த பெரியவர் அசையவில்லை. அவர் பெயர் லெமாயன். கென்யாவில் மசாய் மூலிகை வைத்தியர். முதலாளியின் வண்டி அவர் ஊரில் போர் போட்டுத் தண்ணீர் கண்டதில் பழக்கமாகி, முதலாளி வீட்டுப் புதுமனை விழாவுக்கு வந்து தங்கியிருந்தார். அந்த வண்டியில் வேலை பார்த்து அவர்கள் பாஷையைக் கற்றுக்கொண்ட முருகேஷ்தான் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சை மாற்றிச் சொன்னான்.

“எல்லா நோவும் வாய் வழியாத்தான் வரும்னு சொல்றாருங்கப்பா.” சவரியின் மகன் ஆண்டோவோடு படித்தவன் என்பதால் முருகேஷுக்குச் சவரி அப்பா, அவர் மனைவி மதலேனம்மாள் அம்மா.

“முட்டி நோவுமா?”

முருகேஷ் மதலேனம்மாளைப் பார்த்தான்.

“அதுவும்தான். சும்மா வாயத் தொறந்து காட்டுங்க,” என்றாள் அவள். முந்தின நாளே வந்து விவரம் சொல்லி வைத்துவிட்டுப் போனவள் அவள்தான்.

புதன்கிழமை மகள் மோனிஷாவுக்குப் பொம்மிடி மாதா கோயிலில் கல்யாணம். மூன்று ஞாயிறும் பூசையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாயிற்று. கோயில் வாசலிலிருந்து பீடம் வரைக்கும் மகளின் கையைப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டியவர் அப்பா. சவரியின் வலது முட்டியோ நாலு எட்டு வைத்தால் பூட்டிக்கொண்டது. “முடியலன்னா நான் கூட்டிட்டுப் போறேன் மச்சான்” என்று மைத்துனன் அருள்பிரகாஷ் சொன்னதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. “நான் என்ன செத்தா போயிட்டேன்?” என்று வீட்டில் உள்ளவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

மோனிஷாவுக்கு இது இரண்டாவது சம்பந்தம். முதல் சம்பந்தம், நிச்சயப் பந்தியில் ரசத்தைக் குறை சொன்ன மாப்பிள்ளையின் சித்தப்பாவிடம் சவரி நியாயம் கேட்டதில் பாதி இலையோடு எழுந்து போய்விட்டது. நியாயம் தன் பக்கம்தான் என்று இன்றைக்கும் சொல்வார். கேட்கத்தான் ஆளில்லை.

லெமாயன் எழுந்துவந்து, தன் உள்ளங்கையில் லேசாகத் துப்பி, சவரியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“அடச் சீ! கையில துப்பறான்டா!”

“அது ஆசீர்வாதமுங்கப்பா. அவங்க வழக்கம்.”

“நம்மளுந்தான் கண்ணு பட்டா தூ தூன்னு துப்பறோம். கத்தாதீங்க,” என்றாள் மதலேனம்மாள்.

பெரியவர் ஒரு மரப்பட்டைத் துண்டை எடுத்துக் கொடுத்தார். கல்யாணத்தன்று விடிந்ததும் அதைக் கடைவாயில் அடக்கிக்கொள்ள வேண்டும். பெண் கார் ஏறும்வரை எடுக்கக் கூடாது.

“நடுவுல ஒரு வார்த்தை பேசினாலும் மருந்து முறிஞ்சிருமாம். முட்டி ஒரேயடியாப் பூட்டிக்குமாம்,” என்றான் முருகேஷ்.

புதன்கிழமை விடிந்தது. பட்டை வேம்பைவிடக் கசந்தது. கோயில் வாசலில் வைத்திருந்த ஃபிளெக்ஸில் அருள்பிரகாஷின் படம் கதவு அளவுக்கு இருந்தது. பெண்ணைப் பெற்ற சவரியின் படம் தபால்தலை அளவில் ஒரு மூலையில் கிடந்தது. சவரியின் வாய் திறக்கப் பார்த்தது. முட்டி நினைவுக்கு வர, மூடிக்கொண்டு, கழற்றச் சொல்லிக் கைத்தடியால் ஃபிளெக்ஸைக் குத்திக் காட்டினார்.

“கயிறு தொங்குதுங்களா மச்சான்? இதோ,” என்று அருள்பிரகாஷ் அதை இன்னும் உயரத் தூக்கி இறுக்கிக் கட்டினான்.

மாப்பிள்ளை வீட்டார் தொப்பூர் கணவாயில் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு, பூசை வைக்கும் சாமியார் இரண்டு முறை எட்டிப் பார்த்த பிறகு வந்து சேர்ந்தார்கள். சவரி நொண்டிக்கொண்டே போய்ச் சம்பந்தியின் முகத்துக்கு நேரே தன் வாட்சை நீட்டி, விரலால் டொக் டொக்கென்று தட்டினார்.

“மாப்பிள்ளைக்குங்களா? எதுக்குங்க இதெல்லாம்!” என்ற சம்பந்தி, வாட்சைப் பக்குவமாகக் கழற்றி மாப்பிள்ளை கையில் கட்டிவிட்டார்.

ஆண்டோ முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த வாட்ச் அது. கோபமும் கசப்பும் சேர்ந்து சவரியின் கண்ணிலிருந்து நீர் தாரைதாரையாகக் கொட்டியது.

“எவ்வளவு பாசமான மனுசன்! இவரைப் போயி கோவக்காரருன்னு சொன்னானுங்களே!” சம்பந்தி அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். “எங்க பக்கம் இன்னும் ரெண்டு பஸ் ஆளு வராங்க. பந்தி பத்துமுங்களா?”

ஒரு பஸ் என்றுதான் பேச்சு. சவரி பல்லைக் கடித்தார். மௌனம் சம்மதம் என்று சமையல்காரர் அடுத்த அண்டாவை அடுப்பில் ஏற்றினார்.

பாட்டு தொடங்கியது. சவரி கைத்தடியை அருள்பிரகாஷின் கையில் திணித்துவிட்டு மகளின் கையைப் பிடித்தார். ஒவ்வோர் எட்டுக்கும் முட்டியில் ஊசி ஏறியது. மருந்து இனிமேல்தான் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டு நடந்தார். பாதி வழியில் மோனிஷா, “அழுவாதீங்கப்பா, எனக்கும் அழுவ வருது” என்றாள். பேச அனுமதி இருந்திருந்தாலும் அந்த நேரத்தில் அவருக்குப் பேச்சு வந்திருக்காது. பீடம் வரைக்கும் கூட்டிப் போய்விட்டார்.

சாயங்காலம் பெண்ணின் கார் கிளம்பித் தெருமுனை திரும்பியதுதான் தாமதம். சவரி பட்டையைத் துப்பினார். காலையிலிருந்து சேர்த்து வைத்த அத்தனையும் தொண்டைக்கு ஏறியது. நொண்டி நொண்டிப் பந்திக்கூடத்துக்குள் நுழைந்தார். கடைசி வரிசையில் லெமாயனும் முருகேஷும் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“யோவ்! ஊரே என் தலையில ஏறி உக்காந்துச்சு, பொறுத்துகிட்டேன். வாட்ச் போச்சு, பொறுத்துகிட்டேன். பொழுதன்னிக்கும் வாயத் தொறக்கல. ஆனா முட்டி நோவு இம்மியும் கொறையலையேய்யா! என்ன மருந்துய்யா குடுத்தீங்க?”

லெமாயன் புன்னகையோடு அவரை நிமிர்ந்து பார்த்தார். முருகேஷ் கையிலிருந்த எலும்பை இலையில் வைத்தான்.

“முட்டிக்கு இவருகிட்ட மருந்தே இல்லீங்கப்பா. அம்மா கேட்டது உங்க வாய்க்குத்தான்.”