முப்பத்திரண்டுக்கு மேல் நடை இல்லை

பிறர் நிலங்களின் எல்லையை அங்குலம் பிசகாமல் அளந்து ஓய்வுபெற்ற நில அளவையர், தம் இடுப்பின் எல்லை ஆண்டுதோறும் விரிவடைவதை மட்டும் அளக்கத் தவறிவிட்டார். மருத்துவர் தவறவில்லை. மாலையில் நடக்காவிட்டால் சர்க்கரைக்கு இனி மாத்திரை போதாது, ஊசிதான் என்று கண்டிப்பாகக் கூறிவிட்டார்.

அளவையருக்கு ஊசி என்றாலும் நடுக்கம். நடை என்றாலும் நடுக்கம். ஆகவே அறிவியலைத் துணைக்கழைத்து, கம்பியில்லா வெப்பமானி ஒன்றை வாங்கினார். வெளிச்சுவரில் மாட்டும் சென்சார் வெப்பத்தை அளந்து அனுப்பும். கூடத்து மேசையிலுள்ள திரை அதைக் காட்டும்.

"முப்பத்திரண்டு டிகிரிக்கு மேல போனா நடக்கக் கூடாது. மயக்கம் வந்துடும். என்ன சொல்ற?"

"நான் என்னங்க சொல்றது? கருவி சொன்னா சரி," என்றார் மனைவி, துணி மடித்தபடியே.

நிழலில், காற்றோட்டமாக, அனல் எதுவும் படாமல் மாட்டவும் என்றது கையேடு. அதைக் கவனமாகப் படித்து முடித்த அளவையர், ஏணி போட்டேறி, ஏசியின் வெளிப்பெட்டி அனல் கக்கும் இடமாகப் பார்த்து மாட்டினார். அவ்வளவு துல்லியம் அவருடைய பணிக்காலத்தில்கூடக் கைகூடியதில்லை.

அன்று மாலை திரையில் நாற்பத்தொன்று. மறுநாள் நாற்பத்து மூன்று.

"வெளியில நெருப்பா கொட்டுது," என்று சோபாவில் சாய்ந்து, பிஸ்கட் கடித்தபடி வருந்தினார் அளவையர்.

மனைவி ஜன்னலைத் திறந்தார். எதிர்வீட்டுப் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தனர்.

"பாவம், அதுங்ககிட்ட கருவி இல்ல போல," என்றார்.

அதற்கடுத்த மாலை திரையில் இருபத்தேழு.

அளவையர் பதறி ஏணியேறினார். சென்சார் விரலைச் சுட்டது. பேட்டரியை மாற்றினார். அனலுக்கு இன்னும் நெருக்கமாக நகர்த்தினார். இருபத்தேழு அசையவில்லை.

"கருவி கெட்டுப்போச்சும்மா. அங்க தொட்டாலே கொதிக்குது."

"எங்கங்க கொதிக்குது?"

"அது... ஒண்ணுமில்ல."

"அப்ப செருப்ப மாட்டுங்க."

தெருமுனை வரை விதியை நொந்தார். பூங்கா வரை முட்டியை நொந்தார். திரும்பும்போதோ இதமான காற்றொன்று வீசியது; நொந்துகொள்ள எதுவும் கிடைக்கவில்லை. ஊசி வெகுதூரம் விலகிவிட்டதாகவே தோன்றிற்று.

வாசலில் பக்கத்து வீட்டுத் தபால்காரர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன சார், நடையா? நல்லது. எங்க சென்சார் உங்க திரையில சரியா வருதா? காலையில அக்கா வந்து சேனல் நம்பர் கேட்டாங்க. எங்களுதும் இதே கருவிதான், பின்பக்கம், நல்ல நிழல்ல இருக்கு."

அளவையரின் மார்பு நிமிர்ந்தது. வீட்டுக்குள் நுழையும்போதே முழங்கினார்.

"இது நம்ம வீட்டு வெப்பமே இல்ல. பக்கத்து வீட்டு வெப்பம்."

"ஆமாங்க, நான்தான் மாத்தினேன். ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரு சுவர்தான். அங்க இருபத்தேழு, இங்க நாப்பத்து மூணு. எப்படின்னு எனக்கும் புரியல. வாங்க, ரெண்டு பேருமா ஏணி போட்டு ஏறிப் பாத்துடுவோம்."

அளவையர் செருப்பைக் கழற்றி, கைக்கெட்டும் இடத்தில் ஒழுங்காக வைத்தார்.

"நாளைக்கு எத்தனை மணிக்கும்மா கிளம்பணும்?" என்றார்.